லைசென்ஸ் கேட்காத கடல்

கிரேக்க நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. உலகத்துக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் கீழ்க்கட்டளையில் டிரைவிங் ஸ்கூல் வைத்து, "லெஃப்ட்ல ஒட்டிப் போங்க, லெஃப்ட்ல ஒட்டிப் போங்க" என்று கத்தியே தொண்டையைத் தேய்த்துக்கொண்ட ஒருத்தியை அந்த ஊர் டாக்ஸியில் முன்சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். நான் உட்கார்ந்திருந்தது வலது சீட். எதிரே ஸ்டீயரிங் இல்லை, காலுக்குக் கீழே பிரேக்கும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எதிர்வண்டி எங்கள் மேல்தான் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். குமட்டுகிறதா என்று கேட்டிருப்பார். பின்சீட்டில் என் கணவர் சாதிக் கடலைப் பார்த்து "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தீவின் பெயர் கோர்ஃபு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மா, நீயும் அத்தாவும் ஒரு வாரம் வெயில்ல காஞ்சிட்டு வாங்க" என்று இங்கே அனுப்பிவிட்டாள். சென்னையிலிருந்து வந்தவர்களை வெயிலில் காயச் சொல்லி அனுப்பும் பெண்ணை என்ன சொல்வது! ஆனால் அந்த வெயில் வேறு. அதில் புழுக்கம் இல்லை, வேர்வை இல்லை. துணி உலர்த்தவென்றே தயாரித்த வெயில் போல இருந்தது.

ரூமுக்குள் நுழைந்ததும் சாதிக் முதலில் போய்த் தொட்டுப் பார்த்தது ஜன்னல் திரைச்சீலையை. குரோம்பேட்டையில் அவருக்குத் திரைச்சீலைக் கடை. "பாலி காட்டன். லைனிங் கொடுக்கல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

அந்தப் பயணத்தில் என் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணாடி பவரை மாற்றத்தான் போனேன். அவர் ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். கடைசியில், "கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா. நேரா இருக்கறது உங்களுக்கு நல்லாத் தெரியும். ஓரம்தான் போயிட்டிருக்கு. சொட்டு மருந்து விடாம போட்டா மிச்சத்தைக் காப்பாத்திடலாம். ஆனா வண்டி ஓட்றத விட்டுடுங்க" என்றார்.

"நான் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன் டாக்டர்" என்றேன்.

"அதனாலதான் இவ்ளோ கண்டிப்பா சொல்றேன்" என்றார்.

அன்றே ரோட்டு வகுப்புகளை இன்னொரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்தேன். வெளிநாடு போகிறேன் என்பது நல்ல சாக்காக இருந்தது. சாதிக்கிடம் மட்டும் சொல்லவில்லை. சொட்டு மருந்து கண் வறட்சிக்கு என்று சொல்லி வைத்தேன். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். அவரைக் கடையில் விடுவது, துணி எடுக்கப் போவது, ஜன்னல் அளவெடுக்க ஊரப்பாக்கத்துப் புது அபார்ட்மெண்டுகளுக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். நான் இறங்கிவிட்டால் எங்கள் குடித்தனமே நின்றுவிடும் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஸ்டீயரிங் இல்லாத மெகருன்னிஸா எப்படி இருப்பாள் என்று எனக்கே தெரியாது.

சாதிக்குக் கற்றுக்கொடுக்க முயற்சி செய்யாமல் இல்லை. கல்யாணமான புதிதில் கீழ்க்கட்டளை ஏரிப்பக்கம் ஆரம்பித்தோம். ஒரு நாள் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். "நீ கத்தற கத்துல எது க்ளட்ச், எது பிரேக்குன்னே மறந்து போவுது" என்று சொல்லி வீட்டுக்கு நடந்தே போனார். பின்னால் நின்ற தண்ணீர் லாரிக்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவளின் புருஷன் பஸ்ஸில் வருகிறார் என்று எங்கள் தெருவில் கிண்டல் செய்யாதவர் கிடையாது.

மறுநாள் காலை பக்கத்து ஊருக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினோம். சாலையின் இடப்பக்கத்தில் கண்ணியமாக நின்று காத்திருந்தோம். பஸ் எதிர்ப்பக்கம் வந்து, எதிர்ப்பக்கமே நின்று, போயும்விட்டது. அடுத்த பஸ்ஸையும் அப்படியே வழியனுப்பினோம். பிறகுதான் எனக்கு உறைத்தது. சாலையைக் கடக்கக் காலை வைத்தேன். சாதிக் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். மூக்குக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் சர்ரென்று போனது.

"இன்னா மெகர், பார்த்து வர மாட்ட?"

"இந்த ஊர்ல எல்லாம் தலைகீழா வருதுங்க" என்று ஊர் மேல் பழியைப் போட்டேன். அந்த ஸ்கூட்டர் என் கண்ணில் படவே இல்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைத்தது போல இருந்தது.

மத்தியானம் கடலோரச் சாப்பாட்டுக் கடை. ஹலால் கறியைத் தேடி அலைய முடியாது என்பதால் வாரம் முழுக்க மீன்தான். ஒரு தட்டு நிறைய பொடி மீன் பொரித்துக்கொண்டு வந்தார்கள். அச்சு அசல் நம் ஊர் நெத்திலி. மேலே எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தார்கள், அவ்வளவுதான். உப்பைத் தவிர ஒரு சுக்கும் இல்லை. "மீனு சூப்பர். ஆனா குளிக்க வெச்சிட்டு டிரெஸ் போட மறந்துட்டாங்க" என்றார் சாதிக். பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். கடைக்காரம்மா என்னவென்று கேட்டு, விரலில் தொட்டு நக்கி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார். உள்ளே போனவர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு திரும்பி வந்து பாட்டிலைக் காட்டினார். கொடுத்தோம்.

அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான் கடலுக்குள் நீளும் மரப்பாலம். அதை ஒட்டி வெள்ளையும் நீலமுமாகச் சின்னப் படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பலகையில், 'வாடகைப் படகு. நீங்களே ஓட்டலாம். லைசென்ஸ் தேவையில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சாதிக் அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"லைசென்ஸே வேணாமாம் மெகர்" என்றார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது பையன்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது வந்தது.

முட்டுக்காட்டில் நாமும் படகில் போயிருக்கிறோம். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டி, வரிசையாக உட்கார வைத்து, யாரோ ஓட்ட, ஒரு சுற்று சுற்றி, இறங்குங்க என்று சொல்லிவிடுவார்கள். இங்கே பாதி கார் விலை பெறும் படகைச் சாவியோடு கையில் கொடுத்து, போய்விட்டு மாலைக்குள் வா என்கிறார்கள். எனக்கும் ஆசை வந்தது. ரோட்டில்தானே ஓட்டக் கூடாது என்றார் டாக்டர், கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை மரப்பாலத்தில் நின்றோம். படகுக்குச் சொந்தக்காரி எலெனி. எங்கள் வயதுதான் இருக்கும். வெயிலில் வறுத்த தோல், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் காட்டினார். ஒரே ஒரு நெம்புகோல். முன்னால் தள்ளினால் முன்னே போகும், பின்னால் இழுத்தால் பின்னே வரும், நடுவில் வைத்தால் நியூட்ரல். நியூட்ரலில் இருந்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். ஒரு சிவப்புச் சுருள் கயிறு. அதன் ஒரு முனை இன்ஜினில், மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும்.

"பிரேக்?" என்று கேட்டேன்.

"பிரேக் கிடையாது. முன்கூட்டியே யோசிப்பதுதான் பிரேக்" என்றார் எலெனி. என் மாணவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

கடைசியாக நங்கூரத்தைக் காட்டினார். "எங்கே நிறுத்தினாலும் கயிற்றை நீளமாக விடுங்கள். தண்ணீர் எவ்வளவு ஆழமோ அதைப்போல நாலு மடங்கு. கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் தரையைப் பிடிக்காது. மதியத்துக்கு மேல் காற்று வரும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. சாதிக் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

பிஸ்மில்லா சொல்லி நான்தான் முதலில் ஓட்டினேன். அப்பா, அந்தக் கடல்! நம் கோவளத்துக் கடல் எப்போதும் ஏதோ கோபத்தில் இருப்பது போல அடிக்கும். இது ஏரி மாதிரி கிடந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிந்தது. ஓரமெல்லாம் மலை, மலையெல்லாம் ஆலிவ் மரம், மரத்துக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, ராங் சைடில் வரும் ஷேர் ஆட்டோ இல்லை. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை நாளன்று வண்டி ஓட்டிய யாருக்கும் அது சொர்க்கம்தான். நெம்புகோலைத் தள்ளினேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"மெகர்! ரைட் சைடு! ஆளு!"

சாதிக் கத்தியபடியே என் கை மேல் தன் கையை வைத்து நெம்புகோலை நடுவுக்கு இழுத்துவிட்டார். படகு தொப்பென்று தணிந்தது. வலப்பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரம் என்றுகூடச் சொல்லலாம், ஒரு பெண் நீந்திக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஆரஞ்சு நிறப் பந்து கட்டி இழுத்துப் போனாள். ஆரஞ்சு நிறம்! அதுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் கையை உயர்த்தி ஏதோ திட்டினாள். திட்டட்டும். அவள் உயிரோடு இருந்து திட்டினாளே.

"வெயில் கண்ணைக் கூசுதுங்க. கொஞ்ச நேரம் நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"நானா?"

"நீங்கதான். லைசென்ஸ்தான் வேணாமே."

அவர் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். துணியை வெட்டும்போது ஓரம் பிசகாமல் கத்தரியை எப்படிக் கொண்டுபோவாரோ, அப்படியே ஓட்டினார். நிதானம், நேர்க்கோடு. எங்களை ஒரு மிதிபடகு முந்திப் போனது. நான் வாயை மூடிக்கொண்டா வந்தேன்? "கொஞ்சம் வேகம் கொடுங்க. அந்தப் பக்கம் பாறை. கண்ணை ஸ்டீயரிங்ல வைக்காதீங்க, தூரமாப் பாருங்க. செகண்ட் கியர்ல போற மாதிரியே போறீங்களே."

"கடல்ல ஏது மெகர் செகண்ட் கியரு?" என்றார். கோபப்படவில்லை. இறங்கி நடந்து போக அங்கே வழியும் இல்லை.

ஒரு குட்டிக் குடா வந்தது. இரண்டு பக்கமும் பாறை, நடுவே வெள்ளைக் கூழாங்கல் கரை, நிழலுக்கு மரங்கள். கரையில் ஒரே ஒரு குடைக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. ஏற்கெனவே இரண்டு படகுகள் நின்றிருந்தன. சாதிக் நங்கூரத்தைப் போட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். படகு இடமும் வலமும் ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கிங் என்பது என் கோட்டை. குரோம்பேட்டையில் இரண்டு பைக்குக்கு நடுவே ஒரு விரற்கடை இடம் விட்டுக் காரைச் சொருகி நிறுத்துகிறவள் நான். நிறுத்திய வண்டி ஆடலாமா? பக்கத்துப் படகில் இடித்தால் யார் பதில் சொல்வது?

"இவ்ளோ கயிறு எதுக்கு? இழுங்க, டைட்டா கட்டுங்க."

"அந்தம்மா நீளமா விடச் சொல்லிச்சே."

"அது நடுக்கடலுக்குச் சொன்னது. இங்க இடுப்பளவு தண்ணிதான். ஹேண்ட் பிரேக்கை யாராவது லூசா விடுவாங்களா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்துச் சுருக்கிக் கட்டினார். படகு சொன்ன பேச்சு கேட்டு நேராக நின்றது. நான் திருப்தியாக இன்ஜினிலிருந்து சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே யாரும் படகிலிருந்து சாவியைக் கழற்றுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் வண்டியில் சாவியை விட்டுவிட்டு இறங்கத் எங்கள் ஊர்க்காரர் யாருக்கு மனசு வரும்?

தண்ணீரில் நடந்து கரை ஏறினோம். ரொட்டி, அவித்த முட்டை, தக்காளி, மிச்சம் இருந்த ஊறுகாய். மர நிழலில் துண்டை விரித்துச் சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு சாதிக் மல்லாந்து படுத்தார். சொல்லிவிடலாமா என்று அப்போது ஒரு யோசனை வந்தது. "என்னங்க" என்று ஆரம்பித்தேன். "ம்?" என்றார். "ஒண்ணுமில்ல, முட்டையில உப்பு கம்மி" என்றேன். பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் கார் ஓட்டும் தைரியம் இருந்தவளுக்கு இது வரவில்லை.

தலைக்கு மேலே இலைகள் சலசலக்க ஆரம்பித்தன. மலையிலிருந்து காற்று இறங்கியது. அந்த வெள்ளைக்காரர் எழுந்து நின்று எங்களைப் பார்த்து, "ஹலோ! அது உங்கள் படகுதானே?" என்றார்.

எங்கள் படகு மற்ற இரண்டு படகுகளையும் தாண்டி, யாரும் இல்லாமல், பின்பக்கமாக, அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. நங்கூரத்தையும் கூட இழுத்துக்கொண்டு.

"யா அல்லா!" என்று நான் கத்துவதற்குள் சாதிக் எழுந்து ஓடினார். முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிக் கையை நீட்டினார். "சாவி!"

கைப்பையைக் கொட்டித் தேடி எடுத்து எறிந்தேன். அதில் ஒரு மிதவை கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. சாவிக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாய்ந்தார். திரிசூலம் கல்குவாரிக் குட்டைகளில் வீட்டுக்குத் தெரியாமல் நீந்திப் பழகியவர் அவர். ஆனால் அது எந்தக் காலம்! இப்போது தொப்பை இருக்கிறது, பி.பி. மாத்திரை இருக்கிறது. படகும் சும்மா நிற்கவில்லை. அவர் இரண்டு கை போட்டால் அது ஒரு கை நகர்ந்தது.

படகு தொலைந்தால் தொலையட்டும், திரும்பி வந்துவிடுங்கள் என்று கத்தினேன். காற்று என் குரலை எங்கே கொண்டுபோனதோ. தண்ணீர் முழுக்க வெயில் மின்னியது. அந்த மினுக்கலில் அவர் தலை என் பார்வையிலிருந்து நழுவிப் போனது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். படகு தெரிந்தால் அவரைக் காணோம். அவரைப் பிடித்தால் படகைக் காணோம். சின்ன ஓட்டை வழியாகக் கடலைப் பார்ப்பது போல இருந்தது. வாழ்க்கையில் இப்படி பயந்ததில்லை. பக்கத்தில் வந்து நின்ற வெள்ளைக்காரரின் மனைவியிடம், "அவர் இருக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. என் கண் சரியில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாரிடமும் சொல்லாத விஷயத்தை, பெயர் தெரியாத ஒரு பெண்ணிடம் அப்படித்தான் முதன்முதலில் சொன்னேன்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். "இருக்கிறார். பக்கத்தில் போய்விட்டார். ஏணியைப் பிடித்துவிட்டார். ஏறுகிறார். உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்."

பிறகு எனக்கும் தெரிந்தது. வெள்ளைப் படகில் ஒரு சின்ன உருவம். இன்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "நியூட்ரல்! நியூட்ரல்ல வைங்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கேட்டால்தானே. நங்கூரக் கயிறு கீழே தொங்குகிறது, அதை எடுக்காமல் ஓட்டினால் இன்ஜினில் சுற்றிக்கொள்ளும். "கயிறு! முதல்ல கயிறு!" என்று துள்ளினேன். எந்த மாணவரும் என் குரல் எட்டாத தூரத்துக்குப் போனதில்லை. போக விட்டதில்லை நான்.

சாதிக் எந்த அவசரமும் இல்லாமல் முன்பக்கம் போனார். கிணற்றில் வாளி இறைப்பது போல நங்கூரத்தை இழுத்து மேலே போட்டார். திரும்பி வந்து குனிந்து எதையோ பார்த்தார். மணிக்கட்டில் எதையோ மாட்டினார். இன்ஜின் உறுமியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கூழாங்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காற்றுக்கு எதிராக மெதுவாக, நேர்க்கோட்டில் வந்தார். மற்ற படகுகளை விட்டுத் தள்ளி, வேகத்தைக் குறைத்து, நங்கூரத்தைப் போட்டுக் கயிற்றை விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். படகு தாராளமாக ஊஞ்சல் ஆடியது. "முதல் நாளா? என் படகும் முதல் நாள் ஓடிப்போனதுதான்" என்று அந்த வெள்ளைக்காரர் சிரித்தார். சாதிக் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார். உதடு நடுங்கியது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்டி பார்க்கிங்கு?" என்றார்.

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் சொன்னது, சொட்டு மருந்து, நீந்திய பெண்ணைப் பார்க்காதது, கயிற்றைச் சுருக்கச் சொன்னது. "இனிமே என்னால வண்டி ஓட்ட முடியாதுங்க."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"டாக்டர் சொன்னது தெரியாது. கண்ணு சரியில்லன்னு தெரியும். ஒரு வருஷமா லெஃப்ட்ல பைக்கு, ரைட்ல ஆட்டோன்னு பக்கத்துல உக்காந்து கூவிக்கினு வர்றது யாருன்னு நெனச்ச?"

ஆமாம், கூவிக்கொண்டுதான் வந்தார். பல்லாவரம் சிக்னலில், மேடவாக்கம் கூட்டு ரோட்டில், எங்கள் தெருமுனையில்கூட. வண்டி ஓட்டத் தெரியாதவரின் பயம் என்று நினைத்து, 'சும்மா வாங்களேன்' என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா வண்டிய விட்டு எறங்கிடுவ. எறங்கிட்டா உனக்கு மூச்சே நின்னுடும்னு நெனச்சேன். நீயா சொல்லுவன்னு பார்த்தேன்." "மிச்ச கண்ணு நிக்குமா?" என்று கேட்டார். குரல் அப்போதுதான் உடைந்தது.

"மருந்து போட்டா நிக்கும்னாரு."

"அப்ப இன்ஷா அல்லா நிக்கும். வண்டிய நான் ஓட்றேன்."

"நான் கத்துக் குடுக்கறேங்க" என்று கண்ணைத் துடைத்தேன்.

"உன்கிட்டயா? வேணவே வேணாம் தாயே!" என்றார்.

திரும்பும்போது அவர் ஓட்டினார். நான் முன்பக்கம் மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். எதையும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பல்லைக் கடிக்கவும் இல்லை. ஒரு பாறை மேல் ஆடு ஒன்று நின்று எங்களைப் பார்த்தது. ஒரு வீட்டுக் கொடியில் மஞ்சள் துணி காய்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வண்டி ஓட்டுகிறவர்கள் ரோட்டைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருவதில் இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. மரப்பாலத்தில் எலெனி கயிற்றைப் பிடித்துக் கட்டினார். எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டார். சாதிக் என்னைப் பார்த்தார். "கயிற்றை நீளமாக விட்டோம்" என்றேன். முழுப் பொய் இல்லை.

மிச்ச நாட்களில் இன்னும் ஒருமுறை படகு எடுத்தோம். நிறைய பொடி மீன் சாப்பிட்டோம். பஸ்ஸுக்குச் சரியான பக்கத்தில் நின்றோம்.

ஊருக்கு வந்ததும் நான் ஸ்கூலில் சாலை விதி வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. எங்களுடையது இல்லை. மேடவாக்கம் ரோட்டில் எனக்குப் போட்டியாக நடத்துகிறவருடையது. சாதிக் இஸ்திரி போட்ட சட்டையில் படியிறங்கிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா மெகர், வூட்டுக்காரரு கட்சி மாறிட்டாரு?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

போட்டிக்காரர் காரை விட்டு இறங்கி, தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். சார்தான் இங்கயே கத்துக்கணும்னு பிடிவாதமா நின்னாரு."

"நல்லாக் கத்துக் குடுங்க சார். மெதுவாத்தான் ஓட்டுவாரு, அவசரப்படுத்தாதீங்க. கத்தாதீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். இரண்டடி போனவர், ஏதோ நினைவு வந்தது போலத் திரும்பினார்.

"சார் இதுக்கு முன்னாடி எதாவது ஓட்டியிருக்காரா மேடம்?"

"ஓட்டியிருக்காரு" என்றேன். "நடுக்கடல்ல தனியா ஓட்டிட்டு வந்து, கரையில நின்ன என்னைக் கூட்டிட்டுப் போயிருக்காரு."